குளியலறைப் பூஞ்சை

என் மனைவி மிசாவோவை முதுகுக்குப் பின்னால் கஞ்சப்பிசினாறி என்று சொன்னவர்கள் எல்லாரும், வீட்டில் சட்டி அடிப்பிடித்தால் அவளுக்குத்தான் போன் போட்டார்கள். எங்கள் தெருவில் முப்பது வருடமாக இதுதான் நடந்தது. "சமையல் சோடாவைத் தூவித் தண்ணி ஊத்திக் கொதிக்க வைங்க. ஆறினப்புறம் தேய்ங்க, சூட்டோட தேய்ச்சா சட்டிதான் கீறும்" என்று இவள் பொறுமையாகச் சொல்வாள். மறுநாள் குப்பை வைக்கும் இடத்தில் அதே பெண்கள் இவளைக் குனிந்து வணங்கிவிட்டு, இவள் நகர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "சிரிச்சுட்டுப் போறாங்க, சட்டி வெளுத்துச்சா இல்லையா?" என்பாள்.

ஒஸாகாவிலிருந்து வரும் ஒரு பெண்கள் மாத இதழில் வாசகர்களின் வீட்டுக் குறிப்புகளுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு அவள் தபால் அட்டையில் குறிப்பு எழுதிப் போடுவாள். 'அதாச்சி மிசாவோ, யொனாகோ' என்று எங்கள் ஊரோடு சேர்த்து அவள் பெயர் நூற்று நாற்பது தடவைக்கு மேல் அச்சில் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பரிசாகப் பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்று வரும். அதனால் எங்கள் வீட்டில் துண்டு வாங்கிய சரித்திரமே இல்லை. வந்த குறிப்புகளை வெட்டி, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் ஒட்டி, நூலால் தைத்து வைத்திருப்பாள்.

அரிசி களைந்த தண்ணீர் மரத்தரை துடைக்க. நூடுல்ஸ் வெந்த தண்ணீர் எண்ணெய்ப் பாத்திரம் கழுவ. உருளைக்கிழங்குத் தோலால் குளியலறைக் கண்ணாடியைத் தேய்த்தால் உப்புக்கறை போகும். நாங்கள் இருவரும் குளித்த தொட்டித் தண்ணீரில் மறுநாள் துணி துவைப்பாள், அலசுவதற்கு மட்டும்தான் புதுத் தண்ணீர். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைப் பிழிந்து, ஈரம் காய்வதற்குள் அறை முழுக்கத் தரையில் பதித்திருக்கும் பாயில் தூவி, பாயின் நெசவு போகிற பக்கமாகவே பெருக்குவாள். தூசி பறக்காமல் சக்கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவள் பெருக்கும்போது என் பங்கு, காலைத் தூக்கிக்கொள்வது. நாற்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டவன் நான். அந்தச் செய்தித்தாளையும் நான் படித்து முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போய், நனைத்து ஜன்னல் துடைத்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. பூஞ்சை போக்குகிற குளோரின் மருந்து எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வரக் கூடாது. வினிகரோடு அது சேர்ந்தால் விஷப் புகை வரும் என்று அந்தப் பாட்டிலிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். படித்துப் பார்த்து ஜாக்கிரதையாக இருக்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். "படிக்கிறப்ப எல்லாரும் ஜாக்கிரதைதான். வினிகரும் அதுவும் ஒரே வீட்டுல இருந்தா, என்னைக்காவது ஒரு நாள் சந்திச்சுக்கும்" என்றாள். இதையும் அட்டையில் எழுதிப் போட்டாள், அச்சிலும் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இலையுதிர் காலத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் தேயிலைச் சக்கையைத் தூவியவள் பெருக்காமல் போய்விட்டாள். பிறகு வந்து அதன் மேலேயே மறுபடி தூவினாள். நான் காலைத் தூக்கிக்கொண்டு முட்டாள் மாதிரி காத்திருந்தேன். இன்னொரு நாள் அரிசி களைந்த தண்ணீரைச் சூடு பண்ணித் தேநீர்க் கெண்டியில் ஊற்றி எனக்கும், வீட்டுக்கு வந்திருந்த எங்கள் மகள் ரிட்சுகோவுக்கும் பரிமாறினாள். ரிட்சுகோ ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான்தான் விளையாட்டுக்கு ஊத்தி வச்சேன்" என்று சொன்னேன். எழுபத்து நாலு வயதில் என்ன விளையாட்டு? அவள் நம்பவில்லை.

மருத்துவர் பெரிய பெயர் ஒன்றைச் சொன்னார். மறதி நோய்தான். மெதுவாகப் போகும், ஆனால் திரும்பி வராது என்றார். வெளியே வந்ததும் மிசாவோ கேட்டாள்: "டாக்டர் எதைத் திரும்பி வராதுன்னு சொன்னாரு, குடையையா?" குடையை முந்தின வாரம் பேருந்தில் தொலைத்திருந்தாள். ஆமாம் என்றேன்.

ரிட்சுகோவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒகயாமாவில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. சொத்தையைக் கண்டுபிடிக்கிற கண், எதையும் விடாது. மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள். போன மார்ச் மாதம், நகராட்சியில் முதியோர் பராமரிப்பைக் கவனிக்கிற மொரிவாக்கி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் தண்ணீர் வற்றி ஒரு சட்டி கரிந்திருந்ததை அன்று பார்த்துவிட்டார்கள். அதையும் நான்தான் செய்தேன் என்றேன்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க" என்றாள் ரிட்சுகோ. "ஆகஸ்ட் வரைக்கும் பாக்கலாம். அம்மா வீட்டைப் பாத்துக்கிற நிலைமையில இருக்காங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா முதியோர் இல்லத்துல இடம் கேட்டு எழுதிடலாம். உங்களால ரெண்டு பேர் வேலையையும் செய்ய முடியாது."

"என்னால முடியாதுன்னு யார் சொன்னது?"

"நீங்க இதுவரைக்கும் ஒரு டம்ளர் கழுவியிருக்கீங்களா?"

கழுவியதில்லை. ஆனால் அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. ரிட்சுகோவுக்கு அம்மா என்றால் பளபளக்கிற குழாய், பூஞ்சை இல்லாத குளியலறை. அது இருந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள், இல்லாவிட்டால் இல்லை. அப்படியானால் வீட்டை நான் பளபளப்பாக்கிவிட்டு, உன் அம்மா செய்தாள் என்று சொன்னால் போதும். அவள் என்னோடு இருப்பாள். ஐம்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கிற உறவாகப் போவதற்கு நான் தயாராக இல்லை.

அவள் தைத்து வைத்திருந்த குறிப்புகளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரி படித்தேன். முதல் நாள் தேயிலைச் சக்கையைப் பிழியாமல் தூவிப் பாயெல்லாம் பழுப்புத் திட்டு. சமையல் சோடாவை அலுமினியச் சட்டியில் போட்டுக் கருக்க வைத்தேன், அதில் போடக் கூடாது என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது. மிசாவோ கதவோரம் நின்று வேடிக்கை பார்ப்பாள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவளுக்கு மறந்திருக்கும். ஜன்னலில் நான் விட்ட கோடு மட்டும் கண்ணில் பட்டுவிடும்.

"அது என்ன கையா, மண்வெட்டியா?"

"நீயே வந்து செய்யேன்."

"நான் செஞ்சா நீங்க எப்பக் கத்துக்கிறது? மேலேர்ந்து கீழ துடைங்க. பஸ் ஓட்டுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகாதீங்க."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மூன்று மாதம் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம். அதற்கு முன்பு நாங்கள் இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை. ஏப்ரலில் ரிட்சுகோ வந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். மே மாதம் வந்து அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அம்மா, நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டாள். மிசாவோ, "பின்ன உங்க அப்பாவா?" என்று சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் நினைப்பில் அதுதான் உண்மை. நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

அவளிடம் மிஞ்சியிருந்த வேலை ஒன்றே ஒன்று. மதியம் சாப்பிட்டதும் வினிகரும் தண்ணீரும் கலந்த ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், சுவர் முழுக்க அடித்துவிட்டு வருவாள். தேய்க்க மாட்டாள், தேய்க்க வேண்டும் என்பது மறந்து போயிற்று. அடிப்பது மட்டும் ஒரு நாள் கூடத் தவறவில்லை. முப்பது வருடப் பழக்கம் அவள் மூளையில் இல்லை, காலில் இருந்தது.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அது பெய்ய ஆரம்பித்தால் துவைத்த துணியும் காயாது, மனதும் காயாது. குளியலறை ஓடுகளுக்கு நடுவே பூஞ்சை கறுப்புக் கோடாக ஓடியது. குறிப்பில் இருந்தபடி வினிகர் நனைத்த காகிதத்தை ஒட்டி வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு சாண் தேய்ப்பதற்குள் முழங்கால் கழன்று விழும் போலிருந்தது. மூன்று நாள் தேய்த்தும் கறுப்பு சாம்பல் நிறமானதே தவிர போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரிட்சுகோவும் மொரிவாக்கி அம்மாவும் வருவதாக இருந்தது. ரிட்சுகோ முதலில் திறக்கிற கதவு குளியலறைக் கதவுதான்.

வெள்ளிக்கிழமை நான் போய் அந்த மருந்தை வாங்கினேன். பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், திருட்டுப்பயல் மாதிரி. மிசாவோ சாப்பிட்டதும் வினிகர் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுப்பாள். அந்த நேரத்தில் சுவரை நன்றாகக் கழுவிவிட்டு, மருந்தை அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி கழுவி, பாட்டிலைக் கொண்டுபோய் அப்புறப்படுத்திவிடலாம் என்பது திட்டம். அவள் எழுதிய எச்சரிக்கையை நான் படித்தவன். படித்துத்தான் இவ்வளவு ஜாக்கிரதையாகத் திட்டம் போட்டேன்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவள் வினிகர் அடித்தாள், படுத்தாள், குறட்டையும் விட்டாள். நான் சுவரைக் கழுவி மருந்தை அடித்தேன். வெள்ளை நுரை பூஞ்சையின் மேல் அப்பிக்கொண்டு நின்றது. கறுப்பு என் கண் முன்னாலேயே வெளுத்தது. மூன்று நாள் முழங்காலைத் தேய்த்தது இதற்கா என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது வாசலில் மணி அடித்தது. மூன்று வீடு தள்ளியிருக்கிற உனோ அம்மா, வீடு வீடாகக் கைமாறுகிற வட்டாரச் சுற்றறிக்கைப் பலகையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் போய்விடுவார் என்று பார்த்தேன். யாரோ வெள்ளிக்கிழமைக் குப்பையில் கண்ணாடிப் பாட்டிலைப் போட்டுவிட்டார்களாம், யார் என்று அவருக்குத் தெரியுமாம், ஆனால் பெயரைச் சொல்ல மாட்டாராம். பெயரைச் சொல்லாமலேயே பத்து நிமிடம் சொன்னார். நானும் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டேன். அவரைப் பாதிப் பேச்சில் அனுப்பினால் மிசாவோவைப் பற்றி ஏதாவது பேசுவார்கள் என்ற பயம்.

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அப்படி ஒரு இருமலை நான் கேட்டதில்லை.

அவள் விழித்திருக்கிறாள். சாப்பிட்டோம், படுக்கவில்லை, வினிகர் இன்னும் அடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். எழுந்து போய் நுரையின் மேலேயே அடித்திருக்கிறாள். சாரல் வருகிறது என்று ஜன்னலையும் சாத்தியிருந்தாள். நான் போனபோது குளியல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். வாயிலிருந்து நுரையாக எச்சில் ஒழுகியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. பாட்டில் மட்டும் கையில் அப்படியே இருந்தது. அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் தொண்டையும் எரிந்தது. உனோ அம்மாதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அதற்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன், அவர் பேசிய அந்தப் பத்து நிமிடத்தையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் ஆள் என்ன கலந்தது என்று கேட்டார். சொன்னேன். "யார் கலந்தது?"

"என் மனைவி குளியலறை சுத்தம் பண்ணிட்டிருந்தா" என்றேன்.

அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அது வாயிலிருந்து வந்த விதம் இருக்கிறதே, ஏற்கெனவே செய்து வைத்தது மாதிரி வந்தது.

அவள் பிழைத்துவிட்டாள். நான்கு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரிட்சுகோ அன்று மாலையே வந்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னை உட்கார வைத்துக் கேட்டாள்.

"அந்த மருந்து நம்ம வீட்டுக்கு எப்படிப்பா வந்துச்சு? அம்மா அதைத் தொடவே மாட்டாங்களே."

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். நான் வாங்கினேன் என்று சொன்னால், ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பாள். நான்தான் மூன்று மாதமாக வீட்டைத் துடைக்கிறேன், உன் அம்மாவுக்குத் தேய்க்கக்கூடத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதோடு எல்லாம் முடிந்தது, இல்லம்தான். அவள் தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று சொன்னால், கடையில் பாட்டில் மாற்றி எடுப்பது யாருக்கும் நடக்கிற தப்புதானே, அதற்காகவா அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். மருத்துவமனை வாசனையில் என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

"கடைக்குப் போனப்ப அவதான் கூடையில எடுத்துப் போட்டிருப்பா. நான் கவனிக்கல" என்றேன்.

ரிட்சுகோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்ப அம்மாவுக்கு அதுவும் போயிடுச்சு" என்றாள். "எது மறந்தாலும் அது மறக்காதுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் கலந்தால் அது தப்பு. மிசாவோ கலந்தால் அது மிசாவோ இல்லை என்று ஆகிவிடும். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் எச்சரித்தவள் அதையே செய்துவிட்டாள் என்றால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் அவளுடைய கடைசிச் சேமிப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். ரிட்சுகோ, மொரிவாக்கி அம்மா, நான். மிசாவோ ஜன்னலோரம் மெத்தையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை என்ற நினைப்பில் அவர்கள் பேசினார்கள்.

"இந்தத் தடவை அவங்க. அடுத்த தடவை ஐயா உள்ள இருந்தா என்ன ஆகும்? நாமளும் யோசிக்கணும்" என்றார் மொரிவாக்கி அம்மா. நல்ல மனுஷிதான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

மிசாவோ திரும்பினாள். மெத்தையை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, நெற்றி பாயில் படும்படி குனிந்தாள். நெற்றி தரையில் பட அவள் குனிந்து நான் அதற்கு முன் பார்த்தது, எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் என் பெற்றோர் முன்னால்.

"நான்தான் கலந்துட்டேன்" என்றாள். "இத்தனை பேருக்கு எழுதி எழுதிச் சொன்னவ, நானே கலந்துட்டேன். எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அம்மா, எழுந்திரிங்க. யாரும் உங்களைத் திட்டல" என்று ரிட்சுகோ அழ ஆரம்பித்தாள்.

"ரிட்சுகோ, என்னை எங்கயாவது கொண்டு போய் விட்டுடு. அப்பா பக்கத்துல நான் இருக்கக் கூடாது. அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நீ எங்கயும் போக வேண்டாம்!" என்று கத்தினேன். கத்தினேன், அவ்வளவுதான். நீ கலக்கவில்லை என்று சொல்லவில்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மொரிவாக்கி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், மனைவியின் நெற்றி பாயில் இருந்தது. இப்போது சொன்னால் நான் யார்? ஒரு வாரம் பொய் சொல்லி, அவளைத் தரையில் விழ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கிழவன். பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் பனியிலும் மழையிலும் பேருந்து ஓட்டியவனுக்கு ஒரு வாக்கியத்தை ஓட்டத் தைரியம் இல்லை.

ஜூலை பத்தாம் தேதி அவளைக் கடலோரம் இருக்கிற இல்லத்தில் சேர்த்தார்கள். இரண்டு பெட்டி. உள்ளாடையிலும் காலுறையிலும் ரிட்சுகோ அவள் பெயரை எழுதித் தைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒகயாமாவுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். எங்கே வாங்கினேன், எப்படிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், நுரை எப்படி இருந்தது, உனோ அம்மா என்ன பேசினார் எல்லாம்.

"அப்பா" என்றாள் ரிட்சுகோ. இவ்வளவு மென்மையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. "போதும்பா."

"என்ன போதும்? நான் உண்மையைச் சொல்றேன். உங்க அம்மா மேல தப்பு இல்ல. போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"அந்தத் தேநீர் நீங்க விளையாட்டுக்கு ஊத்தினீங்க. சட்டி நீங்க கரிய விட்டீங்க. இப்ப மருந்தும் நீங்கதான் வாங்கினீங்க. அம்மா மேல ஒரு தூசி விழ விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்பா."

"இது வேற. இது நிஜம். நான் வீட்டைச் சுத்தம் பண்றதுக்காக…"

"நீங்களா? சுத்தமா?" அவள் சிரித்தாள், அழுதுகொண்டேதான் சிரித்தாள். "அப்பா, நீங்க நல்ல மனுஷன். ஆனா தனியா இருந்து இப்படி எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

கத்தினேன், சத்தியம் பண்ணினேன். கத்தக் கத்த அவள் குரல் இன்னும் மென்மையாகிக்கொண்டே போனது. காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. பாட்டிலை நானே நகராட்சி வண்டியில் போட்டுவிட்டேன். கடைச் சீட்டை வாங்கிய அன்றே கிழித்துவிட்டேன். மிசாவோவைத் தவிர வேறு யாரும் நான் துடைத்ததைப் பார்த்ததில்லை. உனோ அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரு முழுக்க இப்போது அதைத்தான் பேசுகிறார்கள். மிசாவோவைப் பார்த்துச் சிரித்த பெண்கள் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்குகிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பேருந்தில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த இல்லத்தில் முதியவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பார்கள். துண்டு மடிப்பது, சாப்பாட்டு மேசை துடைப்பது. இவளிடமும் முதல் வாரம் ஒரு துணியைக் கொடுத்தார்களாம். வாங்காமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாளாம். "எங்கிட்ட கொடுக்காதீங்க. நான் தொட்டா ஆபத்து. என் புருஷனையே கொல்லப் பாத்தேன்" என்றாளாம். அதற்குப் பிறகு அவள் எதையும் துடைத்ததில்லை. ஜன்னலில் கடல் உப்புப் படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கிறது. அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடமும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "மிசாவோ, அது நீ இல்ல. நான்தான். நான்தான் அந்த மருந்தை வாங்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்றாள். "என் தப்பையெல்லாம் உங்க தப்புன்னு சொல்லிடுவீங்க. ரிட்சுகோகிட்டயும் அப்படித்தானே சொன்னீங்க?"

நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். நான்கு தடவையும் என்னைத் தேற்றினாள்.

சில நாள் என் பெயர் அவளுக்கு வருவதில்லை. ரிட்சுகோவை அவளுடைய தங்கை என்று நினைக்கிறாள். யொனாகோவில் எந்தத் தெருவில் இருந்தோம் என்பது போய்விட்டது. நூற்று நாற்பது குறிப்பில் ஒன்று கூட இல்லை. இது மட்டும் போகவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் இருந்தபடியே தலையைக் குனிந்து, "உங்களுக்கு இருமல் குறைஞ்சுதா? நான் பண்ணினதை மன்னிச்சீங்களா?" என்று கேட்கிறாள். நான் ஏதாவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் முகம் வாடிவிடுகிறது, அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று பணிப்பெண் சொன்னாள். மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்துவிட்டாள்.

அதனால் இப்போது விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். அவள் கேட்கிறாள். நான் பக்கத்தில் உட்காருகிறேன். "பரவாயில்ல மிசாவோ, நான் மன்னிச்சுட்டேன்" என்கிறேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறாள்.